இலையைத் திருப்பிப் பாருங்கள்: வீட்டுத் திராட்சையில் அடிச்சாம்பல் நோய்

கொல்லிமலை மேல் மேகம் இறங்கி, மூன்று நாளாக வெயில் தலைகாட்டாத ஓர் ஐப்பசி வாரத்தில்தான் என் பந்தல் திராட்சையில் அந்த மஞ்சள் புள்ளிகளைப் பார்த்தேன். சத்துக் குறைவு என்று நினைத்து ஒரு கை யூரியா வைத்தேன். பத்தே நாளில் பாதி இலை தரையில் கிடந்தது. மிளகளவு பிஞ்சுகள் பழுப்பேறி, தோல் சுருங்கி, கொத்தைத் தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தன. சேந்தமங்கலம் வட்டாரத்தில் வாசலிலோ கிணற்றடியிலோ ஒரு பன்னீர் திராட்சைக் கொடி வைத்திருப்பவர்கள் அதே தவறைச் செய்யக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, புள்ளி விழுந்த இலையைத் திருப்பிப் பார்ப்பது. மேற்புறம் எண்ணெய்த் துளி பட்டாற்போல் மினுக்கும் வெளிர்மஞ்சள் வட்டமும், அதற்கு நேர் கீழே அடிப்புறத்தில் வெள்ளைப் பஞ்சு பூத்தாற்போன்ற படலமும் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். அதிகாலையில், பனி காயுமுன் பார்த்தால் பஞ்சு தெளிவாகத் தெரியும். வெயில் ஏறிவிட்டால் காய்ந்து போகும்.

சந்தேகமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. புள்ளியுள்ள இலை ஒன்றைப் பறித்து, நனைத்துப் பிழிந்த துணித்துண்டோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, இரவு முழுக்க இருட்டில் வையுங்கள். காலையில் பையைத் திறக்கும்போது புள்ளியின் அடியில் வெண்பஞ்சு முளைத்திருந்தால் நோய் உறுதி. சத்துக் குறைவால் வந்த மஞ்சளில் பஞ்சு முளைக்காது. காசு செலவில்லாத இந்தச் சோதனையை அன்றைக்கே செய்திருந்தால் யூரியா வைத்திருக்க மாட்டேன். யூரியா தளிரை மேலும் இளசாக்கி நோய்க்கு வாகாக்கிவிடும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை இரண்டு. திருநீறு பூசினாற்போல் இலையின் மேற்புறத்திலும் காயிலும் படிந்து, விரலால் துடைத்தால் வந்துவிடுவது சாம்பல் நோய். அது வறண்ட பகலும் குளிர்ந்த இரவும் உள்ள நாட்களில் வரும். காயில் நடுவே சாம்பல் நிறமும் சுற்றிலும் கருவளையமுமாகப் பறவையின் கண்போல் புள்ளி விழுவது பறவைக்கண் நோய். அருகிலுள்ள பீர்க்கன், பாகல் பந்தலிலும் அடிச்சாம்பல் என்ற பெயரில் ஒரு நோய் வரும். அது வேறு கிருமி, திராட்சைக்குத் தாவாது.

அடிச்சாம்பலைப் பூஞ்சை நோய் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது பூஞ்சை போன்ற ஒரு நீர்க்கிருமி. இலை மேல் படர்ந்த ஈரத்தில் அதன் வித்துக்கள் நீந்திப் போய், இலையின் மூச்சுத்துளை வழியே உள்ளே நுழைகின்றன. திராட்சையில் அந்தத் துளைகள் இருப்பது இலையின் அடிப்புறத்தில். நுழைந்த பிறகு புள்ளி தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே மஞ்சளைப் பார்த்துவிட்டு மருந்தடிப்பவர் ஒரு வாரம் பிந்திவிட்டார். மருந்து மழைக்கு முன்பே, இலையின் அடியில் படிந்திருக்க வேண்டும்.

அந்த மருந்து போர்டோ கலவை. அமெரிக்காவிலிருந்து 1878-இல் பிரான்சுக்கு வந்த இந்நோய் அங்கே தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. 1882-இல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர், திருட்டைத் தடுக்கத் துருசும் சுண்ணாம்பும் தெளித்திருந்த சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நிற்பதைக் கண்டார். 1885-இல் அதன் செய்முறையை வெளியிட்டார். இன்றும் அதே கலவைதான்.

ஒரு வீட்டுப் பந்தலுக்கு 10 லிட்டர் போதும். 100 கிராம் துருசை (மயில்துத்தம்) 5 லிட்டர் நீரில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். இரும்பு, தகரப் பாத்திரம் கூடவே கூடாது. இன்னொரு வாளியில் 100 கிராம் கல்சுண்ணாம்பை நீற்றி, ஆறியதும் 5 லிட்டராக்கி வடிகட்டுங்கள். துருசுக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குச்சியால் விடாமல் கலக்குங்கள். வானநீல நிறம் வரும். தீட்டிய கத்தியின் நுனியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுங்கள். செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் சேருங்கள், இல்லாவிட்டால் இலை கருகும். இளந்தளிருக்கு இரண்டிலும் பாதி எடை போதும். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும்.

பந்தலுக்கு அடியில் நின்று மேல்நோக்கி அடிக்கிறோம், துளி நம் முகத்தில்தான் விழும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். அடித்த இலையை ஆட்டுக்குப் போடாதீர்கள். கோழிகளை அன்று பந்தலடியில் மேயவிடாதீர்கள்.

மழைக்காலத்தில் 10, 12 நாளுக்கு ஒருமுறை, பெருமழை கழுவிவிட்டால் மறுபடியும் அடிக்க வேண்டும். பூ விட்டதிலிருந்து காய் மிளகளவைத் தாண்டும் வரை ஒரு தடவைகூடத் தவறக்கூடாது. காய் நிறம் மாறத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். கலவை செய்ய நேரமில்லாதவர்கள் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து அடிக்கலாம். நோய் ஏற்கெனவே பரவியிருந்தால் மெட்டலாக்சில், மான்கோசெப் சேர்ந்த மருந்து ஒருமுறை உதவும். உறையில் அச்சிட்ட அளவையும் அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்களையும் மீறாதீர்கள். அதையே திரும்பத் திரும்ப அடித்தால் கிருமி பழகிக்கொண்டு அடங்காமல் போய்விடும்.

மருந்தைவிட முக்கியம் கவாத்து என்பது என் உறுதியான கருத்து. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏக்கர் கணக்கில் பந்தல் போடும் அங்கே கவாத்துத் தேதியைப் பார்த்துத்தான் மற்ற வேலையெல்லாம். நமக்கு டிசம்பர், ஜனவரியிலும், மே, ஜூனிலும் வெட்டுவது ஏற்றது. புரட்டாசியில் வெட்டினால் தளிரும் பூவும் நேராக வடகிழக்குப் பருவமழையில் போய் மாட்டும். வெட்டும்போது பந்தலுக்கு அடியிலிருந்து பார்த்தால் வானம் ஆங்காங்கே தெரிய வேண்டும். காற்று புகுந்தால் இலை சீக்கிரம் காயும். உதிர்ந்த இலையைக் குப்பைமேட்டில் போடாமல் எரித்துவிடுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். தண்ணீரைக் காலையில், வேரடியில் மட்டும் விடுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் நோய்ப்பட்ட இலையை ஈரத்துணியில் சுற்றி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். கிசான் அழைப்பு மையத்தின் 1800 180 1551 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம், கட்டணமில்லை. அக்டோபர் பிறக்கும்போது துருசும் கல்சுண்ணாம்பும் வீட்டில் தயாராக இருக்கட்டும். முதல் மழைக்கு முன் ஒருமுறை அடித்துவிடுங்கள்.