30க்கு 28 எடுத்தவர்

திருகோணமலை கொட்பே துறைமுகத்தில் படகிறக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். வயது ஐம்பதை நெருங்குகிறது. இருபது வருடச் சாராயம், காசு குறைந்தால் கசிப்பு. வைத்தியசாலையில் சேர்ந்து இரண்டு கிழமை. இன்று என்ன நாள், இது எந்த மாவட்டம், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தால் என்ன வரும் என்று எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்கிறார். 30க்கு 28. பயிற்சிக்கு வந்த மாணவர் ‘பாதிப்பில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். மனைவி மட்டும் பின்னாலேயே வந்து சொல்கிறார்: “தம்பி, இவர் கதைச்சா ஒண்டும் தெரியாது. வீட்டை வந்து பாருங்கோ.”

ஆள் கற்பனைதான். ஆனால் வார்டில் நின்றவர்களுக்குப் பழக்கமான முகம்.

மாணவர் அந்தப் பரிசோதனைத் தாளை எடுத்தது சீனியர் போட்டோகொப்பி கொடுத்ததால். அந்தத் தாள் பெரும்பாலும் எம்.எம்.எஸ்.ஈ. (மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்) ஆகவே இருக்கும். ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மக்ஹியூவும் 1975இல் வெளியிட்ட இதன் சிங்களப் பதிப்பு 2002இல் ராகமவில் சோதிக்கப்பட்டது. அது முதியவர்களின் மறதிநோய்க்காக. குடிக்காக அல்ல.

புள்ளிகளை எண்ணிப் பார்த்தாலே விளங்கும். முப்பதில் பத்து, நாளும் இடமும் கேட்பதற்குப் போகிறது. பேச்சு, வாசிப்பு, எழுத்துக்கு எட்டு. ஐங்கோணங்களைப் பார்த்து வரைய ஒன்றே ஒன்று. திட்டமிடுவதற்கும், அவசரப்படும் கையை அடக்குவதற்கும் பூச்சியம். நீண்டகாலக் குடி முதலில் அரிப்பதோ மூளையின் முன்பகுதியையும் சிறுமூளையையும் இணைக்கும் பாதைகளை. திட்டம், அடக்கம், இடவுணர்வு, புதிதாய்க் கேட்டதை மனதில் நிறுத்துவது எல்லாம் தளரும். நாக்கு மட்டும் கடைசிவரை சளைக்காது. சளைக்காத நாக்குக்குத்தான் இந்தத் தாள் புள்ளி போடுகிறது. போதாததற்கு 2001 முதல் இதன் உரிமை ஓர் அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது. போட்டோகொப்பி அடிப்பதே உரிமை மீறல்.

மோக்கா (MoCA) என்ற பரிசோதனை இதைவிட நல்லது. நஸ்ரெடீன் குழு 2005இல் வெளியிட்டது, பத்து நிமிட வேலை. நாளும் இடமும் ஆறு புள்ளியோடு முடிகின்றன. மணிக்கூடு வரைவதற்கு மூன்று, ஐந்து சொற்களைப் பிறகு நினைவுகூர ஐந்து. ஆனால் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவரிடம் கனசதுரம் வரையச் சொல்லி, 26க்குக் கீழே போனால் பாதிப்பு என்ற கோட்டைக் காட்டிப் பயமுறுத்தக் கூடாது. படிப்புக் குறைந்தவர்களுக்கென்றே மோக்காவின் எளிய வடிவம் ஒன்று உண்டு. எழுத்தைச் சொல்லி வார்த்தை கேட்கும் இடத்திலும் தமிழுக்கு ஒரு சிக்கல்: ‘க’ என்றால் ‘கா’, ‘கி’ சேர்த்தியா? முதலிலேயே தீர்மானித்து எழுதி வைக்காவிட்டால் இரண்டு பேர் இரண்டு புள்ளி போடுவார்கள்.

இக்கட்டுரையாளரின் கை முதலில் போவது எஃப்.ஏ.பி. என்ற முன்மூளைப் பரிசோதனைப் பக்கம்தான், பக்கச்சார்பு என்றே வைத்துக்கொள்ளலாம். 2000இல் பாரிஸ் நரம்பியலாளர் துபுவா குழு தந்தது. 18 புள்ளி, பேனையும் தாளும் வேண்டாம். முட்டி, கைவிளிம்பு, உள்ளங்கை என்று மாறி மாறி மேசையில் வைக்க வேண்டும். பிறகு, “நான் ரெண்டு தரம் தட்டினா நீங்க தட்டக் கூடாது.” வலை பின்னிய கை அந்த இடத்தில் தன்பாட்டுக்குத் தட்டிவிடும். இதில் நினைவாற்றல் கேள்வியே இல்லை என்பது பெரிய குறை. அதனால் மோக்காவின் ஐந்து சொற்களையும் கூடவே கேட்க வேண்டியிருக்கிறது. நேரம் தாராளமாக இருந்தால் 100 புள்ளிக்கான ஏஸ்-3 (ACE-III) பரிசோதனையை எடுக்கலாம்.

குடியை நிறுத்திய முதல் நாட்களில் எந்தத் தாளும் வேண்டாம். நடுக்கமும் டயசெபாமும் சேர்ந்து புள்ளியைக் குறைத்துவிடும். குறைந்தது இரண்டு கிழமை பொறுக்க வேண்டும். ஆனால் கண்ணசைவு கோணினாலோ நடை தள்ளாடினாலோ குழப்பம் தெரிந்தாலோ அது பரிசோதனைக்கான நேரமே அல்ல. உடனே வைத்தியரை அழைத்து தயமின் ஊசி போட வேண்டும். கெய்ன் குழுவின் 1997 அளவுகோலில் உணவுக்குறை, கண், நடை, மனக்குழப்பம் என்ற நான்கில் இரண்டு இருந்தாலே, தயமின் குறைவால் வரும் வெர்னிக்கே மூளைநோயென்று கொள்ளலாம்.

எல்லா மாணவருக்கும் இந்த வேலை பொருந்தாது. விடை வருவதற்குள் உதட்டசைத்துக் காட்டுபவர், மணிக்கூடு பார்த்துக்கொண்டே கேள்வி கேட்பவர் வேறு துறை பார்ப்பது நோயாளிக்கு நல்லது. பொறுமை இன்னொன்றுக்கும் வேண்டும்: குடியை விட்ட மூளை பல மாதங்கள் வரை தேறிக்கொண்டே இருப்பதால், ஒரே தாளோடு ஒருவரை முடித்துவிடவும் முடியாது; சில மாதம் கழித்து மீண்டும் உட்கார வேண்டும். மோக்காவில் அதற்கென்றே வேறு சொற்களோடு மாற்று வடிவங்கள் இருக்கின்றன. முதல் தடவை கேட்ட ஐந்து சொற்கள் அதற்குள் பக்கத்துக் கட்டில்காரருக்கும் பாடமாகியிருக்கும்.