மைக்கைத் தொடுமுன்

கண்ணு, ஹாம் ரேடியோ லைசென்ஸ் தேர்வு எழுதப் போகிறேன் என்றாய். சந்தோஷம். செல்போன் கோபுரம் சாய்ந்து, கரன்டும் போன பழவேற்காட்டுக் குப்பத்தில் ஒரு பேட்டரியும் நீளக் கம்பியும் இருந்தால் செய்தி வெளியே போகும். கருவியைப் பற்றிச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். நான் சொல்வது வேறு.

1. முதலில் கேட்கப் பழகு. ஏரியில் பாடு முறை உனக்குத் தெரியும். தன் முறை வராமல் யாரும் வலை இறக்குவதில்லை. ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடிச் செய்தி கடத்தும் அவசர நெட்டும் அப்படித்தான். அதை நடத்துபவர், அதாவது நெட் கன்ட்ரோல், உன் கால் சைனைக் கூப்பிடும்வரை வாய் திறக்காதே. இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் இரண்டு செய்தியும் கெடும். புயல் இரவுகளில் உதவியவர்கள் பெரும்பாலும் வாய் குறைந்தவர்களே.

2. வந்த சொல்லை வந்தபடியே கடத்து. ஒரு புயலில், ‘படகு இன்னும் வரவில்லை’ என்று கரையில் ஒருவர் சொன்னது, இரண்டு வாய் மாறி ‘படகு கவிழ்ந்தது’ ஆகிவிட்டது. படகு பக்கத்துக் குப்பத்தில் பத்திரமாகக் கட்டிக்கிடந்தது; இங்கே ஒரு வீட்டில் ஒப்பாரி எழுந்துவிட்டது. அதனால்தான் பெயர்ப்பட்டியல், மருந்துப் பெயர், ஆள் கணக்கு எல்லாம் டேட்டாவாகப் போகட்டும் என்கிறேன். ரேடியோ வழியே குறுஞ்செய்தி அனுப்பும் ஏபிஆர்எஸ்ஸில் செய்தி ஒன்றுக்கு 67 எழுத்துக்குத்தான் இடம். வின்லிங்க் என்றால், இன்டர்நெட் அறுந்த ஊரிலிருந்தும் ஷார்ட்வேவ் வழியே தூரத்து நிலையத்தைப் பிடித்து மின்னஞ்சலே அனுப்பலாம். ஆனால் நீ தப்பாகத் தட்டியதை எந்த மோடமும் திருத்தாது. குப்பத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அப்பா பெயரும் படகு எண்ணும் கேள். எழுதியதைச் சொன்னவரிடமே படித்துக் காட்டிவிட்டு அனுப்பு.

3. அமைதியான நாளிலும் செட்டைப் போடு. 2004 டிசம்பரில் ஹாம் பாரதி பிரசாத் அந்தமானுக்குப் போனது, உலக ஹாம்களோடு பேசும் ஆசையில். 26ஆம் தேதி சுனாமி அடித்ததும், உறவுகளைத் தேடித் தவித்தவர்களுக்குப் போர்ட் பிளேரில் அவர் அமைத்திருந்த நிலையமே தகவல் வழியானது. அங்கே ஆன்டெனா ஏற்கெனவே நின்றிருந்தது, கைகளும் பழகியிருந்தன. வாரம் ஒருநாள் குழுவோடு நெட் நடத்து. சலிக்கும்தான், நடத்து.

4. உப்புக் காற்றை நம்பாதே. கனெக்டரில் களிம்பு ஏறினால் செட் நன்றாக இருந்தும் பயனில்லை. ஐப்பசிக்கு முன்பே கழற்றித் துடைத்து டேப் சுற்று.

5. உனக்குரியதல்லாத அலைவரிசையில் நுழையாதே. நமக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். படகுகளின் 16ஆம் சேனல் வேறு, அது கடலில் ஆபத்தில் இருப்பவரின் குரலுக்கு. யாருக்காவது ஆபத்தென்று தெரிந்தால் முதலில் கடலோரக் காவல்படையின் 1554. போன் செத்துக் கிடந்தால் உன் நெட்டில் சொல்.

6. காசு வாங்காதே. 2005 மே 5 அன்று ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி-6 கிளம்பியபோது, ஹாம்களுக்கென்றே இஸ்ரோ செய்த ஹாம்சாட் செயற்கைக்கோளும் அதில் போயிற்று. நாற்பத்து சொச்சம் கிலோதான். அதில் ஒரு டிரான்ஸ்பாண்டர் நம்மவர் செய்தது, இன்னொன்று நெதர்லாந்து ஹாம் ஒருவர் செய்தது. 2014 வரை உழைத்தது. அதன் வழியே பேசிய எவரும் கட்டணம் கட்டவில்லை. நீயும் செய்திக்குக் கூலி கேட்காதே. புயல் ஓய்ந்தபின் யாராவது நாலு மடவை மீன் கொண்டுவந்து கொடுத்தால்? வாங்கிக்கொள், மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள்.