ஹாம்ப்ஷயரில் தர்மமும் ஊழியமும்

தர்மம் என்றால் காசு கொடுப்பது, கொடுத்தவுடன் கடமை தீர்ந்தது என்றே நம்மில் பலரும் எண்ணி வருகிறோம். கொடுத்த காசு எவருடைய பொறுப்பில் இருக்கிறது, அதை உரியவரிடம் சேர்க்க நடக்கும் கால்கள் எவருடையவை என்று நாம் கேட்பதில்லை. இவ்விரு கேள்விகளையும் விளங்கிக்கொள்ள, தூரதேசத்து ஜில்லா ஒன்றின் வரலாற்றை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹாம்ப்ஷயர்தான் அது. அங்கே ஜில்லாவைக் ‘கவுண்டி’ என்பார்கள். 1997-இல் நிர்வாகத்தில் தனியே பிரிந்துபோன போர்ட்ஸ்மவுத், சவுதாம்ப்டன் நகரங்களை நீக்கிப் பார்த்தாலும், சுமார் பதினான்கு லட்சம் மக்கள் அதில் வாழ்கிறார்கள்.

அந்தக் கவுண்டியின் தலைநகரான வின்செஸ்டரின் ஓரத்தில் செயின்ட் கிராஸ் என்றொரு தர்மசாலை உண்டு. 1130-களில் அவ்வூர் பிஷப்பாயிருந்த ஹென்றி என்பவர் அதை ஏற்படுத்தினார். தள்ளாத ஏழைகள் பதின்மூன்று பேருக்கு இருப்பிடமும் உணவும் அளிப்பதும், வெளியிலிருந்து வரும் ஏழைகள் நூறு பேருக்கு நாள்தோறும் சோறிடுவதும் அதன் நோக்கம். நம் ஊர்களின் முஸாபர்கானாவையும் முதியோர் விடுதியையும் ஒன்றாகச் சேர்த்தாற்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றும் முதியவர்கள் அங்கே வசிக்கிறார்கள். வாசலில் வந்து கேட்கும் வழிப்போக்கருக்கு ஒரு துண்டு ரொட்டியும் சிறிதளவு பீரும் கொடுக்கும் வழக்கமும் தொடர்கிறது. (பீர் நமக்கு ஹராம், ரொட்டியில் ஆட்சேபமில்லை!)

ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகள் ஒரு தர்மம் நிலைத்திருக்கிறது என்றால் ஆச்சரியந்தான். ஆனால் அது நேர்வழியிலேயே நடந்து வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1808-இல் வின்செஸ்டர் பிஷப், தம் சொந்த மகன் பிரான்சிஸ் நார்த்தையே அதன் தலைவராக நியமித்தார். பிற்காலத்தில் கில்போர்டு பிரபு என்ற பட்டமும் அவரை வந்தடைந்தது. தர்மசாலைக்குச் சொந்தமான நிலங்களின் குத்தகையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் வந்த பெருந்தொகைகள் அவருக்கே போயின. ஏழைகளுக்கோ பழைய அளவுதான். விஷயம் நீதிமன்றம் ஏறி, 1853-இல் தீர்ப்பு அவருக்குப் பாதகமாக வந்தது. அந்த நாட்டின் நாவலாசிரியர் ஆண்டனி டிராலப் 1855-இல் வெளியிட்ட ‘தி வார்டன்’ என்ற கதைக்குத் தூண்டுதலாயிருந்தவற்றுள் இந்த விவகாரமும் ஒன்று.

இந்த இடத்தில் நமது வக்பின் முன்மாதிரியை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை அப்படியே நிறுத்தி, அதன் விளைச்சலை தர்மமாக்கும்படி வழிகாட்டப்பட்டது. அதை விற்கவும் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கவும் கூடாது, வாரிசுகள் பங்கிடவும் கூடாது. அதை நிர்வகிப்பவர் நியாயமான அளவு அதிலிருந்து உண்ணலாம். தமக்கெனச் செல்வம் சேர்க்கக் கூடாது. கில்போர்டு பிரபு தவறியது இந்தக் கடைசி வரம்பில்தான் என்பதைக் கவனியுங்கள். நம் முத்தவல்லிகளும் கவனிக்கட்டும்.

அதே 1853-இல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டமியற்றி, அறக்கட்டளைகளைக் கண்காணிக்க ஒரு கமிஷனை அமைத்தது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சுமார் 1,70,000 அறநிறுவனங்கள் இன்று அதன் பதிவேட்டில் இருக்கின்றன. ஆண்டு வருமானம் 5,000 பவுனைத் தாண்டினால் பொதுவாகப் பதிவு கட்டாயம். வரவு செலவு கமிஷனுக்குப் போகிறது. அதை எவரும் பார்க்கலாம். நிர்வாகப் பொறுப்பேற்பவர்களோ பெரும்பாலும் சம்பளமில்லாதவர்கள். வருமான வரி கட்டுவோர் நன்கொடை கொடுத்தால், ஒவ்வொரு பவுனுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்து அந்த நிறுவனத்துக்கு அளிக்கிறது.

காசின் கதை இவ்வளவுதான். கால்களின் கதையே நம்மை அதிகம் யோசிக்க வைக்கிறது.

போர்ட்ஸ்மவுத்தில் ஜான் பவுண்ட்ஸ் என்றொரு செருப்புத் தைப்பவர் இருந்தார். 1766-இல் பிறந்தவர். கப்பல் கட்டும் துறையில் வேலை பழகிவந்த பதினைந்தாம் வயதில் ஒரு பள்ளத்தில் விழுந்து ஆயுளுக்கும் ஊனமானார். பிறகு சிறியதொரு கடையில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டே, தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து எழுத்தும் கணக்கும் சமையலும் செருப்புத் தைக்கவும் கற்றுக் கொடுத்தார். வர மறுத்த பிள்ளைகளைச் சுட்ட உருளைக்கிழங்கைக் காட்டி அழைத்து வருவாராம்! எவரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. 1839-இல் அவர் இறந்தபின், ஏழைப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிகளை நாடெங்கும் நிறுவியவர்கள் அவரையே முன்னோடியாகக் காட்டினார்கள். அவரிடம் பதிவேடும் இல்லை, வக்பு நிலமும் இல்லை. இருந்தது நேரமும் நிய்யத்தும்தான்.

இத்தகைய ஊழியம் அந்த மண்ணில் அற்றுப்போகவில்லை. சோலன்ட் கடலில் தத்தளிப்போரை மீட்கப் படகேறுவோரில் மிகப் பெரும்பாலோர் சம்பளமற்ற தொண்டர்களே. அவர்களுடைய சங்கம் 1824-இல் தோன்றியது. விபத்தில் அடிபட்டவரிடம் மருத்துவரை ஏற்றிச்செல்லும் ஹெலிகாப்டர், 2007 முதல் பொதுமக்கள் நன்கொடையில் பறக்கிறது.

ஆயினும் தொண்டர்கள் குறைந்து வருகிறார்கள். மாதம் ஒருமுறையேனும் ஏதாவதொரு சங்கத்தின் மூலம் ஊழியம் செய்பவர்கள் 2013-14-இல் இங்கிலாந்தில் நூற்றுக்கு 27 பேர். 2021-22-இல் அது 16 ஆகிவிட்டது. அரசாங்கமே எடுத்த கணக்கு இது. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவியபோது, மருத்துவத் துறைக்கு உதவ ஒரு சில நாட்களில் ஏழரை லட்சம் பேர் பெயர் கொடுத்த அதே நாட்டில்! அப்படியானால் மக்களின் நெஞ்சம் கல்லாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆபத்து வந்த நாளில் ஓடிவருகிறார்கள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், மழையானாலும் பனியானாலும், ஒரு கிழவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்வர ஆள் வேண்டுமென்றால்தான் கை குறைகிறது.

காரணங்கள் பல இருக்கலாம். நமக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. பெண்கள் அரசாங்கப் பென்ஷன் பெறும் வயது முன்பு 60 ஆக இருந்தது. 2010 தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, 2018-இல் 65 ஆகவும், 2020-இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் 66 ஆகவும் ஆக்கினார்கள். சங்கங்களில் தேநீர் ஊற்றியும், கணக்கெழுதியும், தர்மக் கடைகளில் பழைய துணி மடித்தும் வந்த அறுபது வயதுப் பெண்மணிகளில் பலர் இன்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அல்லது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். இவர்களையே நம்பியிருந்தோம் என்பது, இவர்கள் வராத பின்புதான் பல சங்கங்களுக்குத் தெரிந்தது. கைசேதத்திற்குரிய விஷயம்! உள்ளூராட்சி மன்றங்களின் மானியம் சுருங்கியதும் இதே ஆண்டுகளில்தான்.

வின்செஸ்டருக்குக் கிழக்கே டிச்போர்ன் என்றொரு கிராமம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவ்வூர்ப் பிரபுவின் மனைவி மபெல்லா, மரணப் படுக்கையில் ஏழைகளுக்காக நிலம் கேட்டாராம். எரியும் கொள்ளிக்கட்டை ஒன்று அணைவதற்குள் நீ சுற்றிவரும் நிலத்தைத் தருகிறேன் என்று கணவர் சொல்ல, நடக்கவியலாத அந்த அம்மையார் தவழ்ந்தே சுமார் 23 ஏக்கரைச் சுற்றினார் என்பது செவிவழி வரலாறு. அந்த வயலுக்கு ‘தவழ்ந்த நிலம்’ என்ற பொருளிலேயே பெயர். தர்மத்தை நிறுத்தினால் குடும்பம் அழியும் என்று அவர் சபித்ததாகவும் சொல்கிறார்கள். அதை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆண்டுதோறும் மார்ச் 25-இல் ஊராருக்கு மாவு அளந்து கொடுக்கிறார்கள். பெரியவருக்கு ஒரு காலன், பிள்ளைக்கு அரை காலன். இடையில் 1796-இல் அது நிறுத்தப்பட்டது. தர்ம நாளைச் சாக்கிட்டு நாடோடிகளும் திருடர்களும் கூடுகிறார்கள் என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். சில பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் தொடங்கினார்கள்.

ஆனால் எல்லாச் சிறு தர்மங்களுக்கும் அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. நிர்வாகி இறந்து, வேறொருவர் முன்வராமல், வங்கியில் பணம் மட்டும் உறங்கும் அறக்கட்டளைகள் பெருகியதால், 2018-இல் கமிஷன் அவற்றைத் தேடியெடுக்கத் தொடங்கியது. ஐந்தாண்டுகளாக வரவும் செலவும் இல்லாதவை, அல்லது வந்ததில் நூற்றுக்கு 30-க்கும் குறைவாகச் செலவிட்டவை என்பது அதன் அளவுகோல். புது நிர்வாகி கிடைத்தால் பழைய பெயரிலேயே நடக்கலாம். கிடைக்காவிட்டால் பணம் அந்தந்தப் பகுதியின் பொது நிதியத்துக்குப் போகிறது. ஹாம்ப்ஷயருக்கும் அப்படியொரு நிதியம் இருக்கிறது.