லேபலை வாசித்து வாங்குவோம்

கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் நாம் பெரும்பாலும் பார்ப்பவை இரண்டு: விலை, காலாவதித் திகதி. மற்றவை சிறிய எழுத்துக்கள். வாசிக்க நேரமில்லை என்று விட்டுவிடுகிறோம். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பற்றிய செய்தியோ அந்தச் சிறிய எழுத்துக்களிலேதான் இருக்கிறது.

1. சேர்மானங்கள்: நிறையில் கூடியது முதலிலும் குறைந்தது கடைசியிலும் எழுதப்படும். போத்தலில் பழத்தின் படம் பெரிதாக இருக்கலாம். சீனி முன்னும் பழச்சாறு பின்னும் இருந்தால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது விளங்கும்.

2. நிற அடையாளம்: 2016 ஆகஸ்டில் இலங்கையில் மென்பானங்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை என்று அப்போது விதிக்கப்பட்டது.

3. கரண்டிக் கணக்கு: சிவப்பு இல்லையென்று ஆறுதலடைய வேண்டாம். 100 மில்லிலீற்றரில் 11 கிராம் என்றால், 300 மில்லிலீற்றர் போத்தலில் 33 கிராம். ஏறக்குறைய எட்டுத் தேக்கரண்டி சீனி. பிள்ளையின் தேநீரில் எட்டுக் கரண்டி போட எந்தத் தாய் சம்மதிப்பாள்? முதல் நன்மை விருந்தில் அதையே மகிழ்ச்சியோடு ஊற்றிக் கொடுக்கிறோம்.

உயிரும் உடல்நலமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கொடைகள். அவற்றைப் பேணுவதும் ஐந்தாம் கட்டளைக்குள் அடங்கும் என்று திருச்சபை படிப்பிக்கின்றது.

இவ்வாரம் செய்வதற்கு: வீட்டிலுள்ள ஒரு போத்தலை எடுத்து, அதன் லேபலைப் பிள்ளையைக் கொண்டு உரக்க வாசிப்பியுங்கள். கரண்டிக் கணக்கையும் பிள்ளையே சொல்லட்டும்.