ஊசலும் காறலும்: கோழி இறைச்சியைக் காக்கும் வழிகள்

சோறு 'ஊசிப்போயிற்று' என்கிறோம். எண்ணெய் 'காறிப்போயிற்று' என்கிறோம். இவ்விரு சொற்களையும் நம் வீட்டு அன்னையர் மாற்றி வழங்குவதில்லை. உணவு கெடுதல் இருவகைப்படும் என்பதைப் பேச்சு வழக்கே உணர்த்துகிறது. உணவறிவியலும் இப்பகுப்பை ஏற்கிறது. ஊசுதல் நுண்ணுயிர்களின் செயல்; காறுதல், காற்றிலுள்ள ஆக்சிஜன் கொழுப்பைத் தாக்குவதால் நேர்வது.

குளிர்பதனப் பெட்டியில் வைத்த கோழி இறைச்சிக்கு இவ்விரு கேடுகளும் உண்டு. 4 டிகிரி செல்சியஸ் குளிரிலும் பச்சை இறைச்சியை 1 அல்லது 2 நாள்களுக்குமேல் வைத்திருத்தல் தகாது. குளிர், கேட்டைத் தாமதப்படுத்துமேயன்றி நிறுத்திவிடாது. சூடோமோனாஸ் முதலிய நுண்ணுயிர்கள் குளிரிலும் பெருகி, பிசுபிசுப்பையும் நாற்றத்தையும் தோற்றுவிக்கின்றன. மாட்டுக் கொழுப்பைவிடக் கோழிக் கொழுப்பில் நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் மிகுதி. ஆதலால் அஃது எளிதில் காறும்.

காறலைத் தடுக்க உணவுத் தொழிலில் பி.எச்.ஏ., பி.எச்.டி. என்னும் செயற்கைப் பொருள்கள் பயன்படுகின்றன. அவற்றிற்கு மாற்றாக மஞ்சளின் குர்குமின், கிராம்பின் யூஜினால், தேயிலையின் கேட்டச்சின்கள், மாதுளைத் தோலின் பாலிபீனால்கள் ஆகியன ஆராயப்பட்டுள்ளன. இவை, கொழுப்பைச் சிதைக்கும் தனியுறுப்புகளுக்குத் தம் ஹைட்ரஜனை ஈந்து, தொடர்வினையை இடையிலேயே அறுத்துவிடுகின்றன.

ஊசலைத் தடுக்க உதவுவது உண்ணத்தகு பூச்சு. இறால், நண்டு ஆகியவற்றின் ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசனை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, அதில் இறைச்சியைத் தோய்த்தெடுத்தால் மெல்லிய படலம் படியும். அது காற்றின் வரவைக் குறைக்கும். நுண்ணுயிர் வளர்ச்சியையும் ஒடுக்கும். அப்பூச்சிலேயே கிராம்புச் சாற்றையோ தேயிலைச் சாற்றையோ கலந்தால் இரு காவல்களும் ஒருங்கே அமையும்.

ஈண்டு இரண்டு செய்திகளை மனங்கொள்ள வேண்டும். பூச்சுக்குப் பயன்படும் பொருள்களுள் ஜெலட்டினும் ஒன்று. அது பன்றித் தோலிலிருந்தும் எடுக்கப்படுவதால், அதன் மூலத்தைக் கேட்டறிதல் நம் கடமை. அடுத்து, நறுமணச் சாறு பழைய இறைச்சியின் நாற்றத்தை மறைத்துவிடக்கூடும். நோய் விளைக்கும் சால்மோனெல்லாவோ நாற்றமே இன்றியும் இறைச்சியில் இருக்கவல்லது. ஆகவே பூச்சு, தூய்மைக்குத் துணையாகுமேயன்றி ஈடாகாது. தூய்மையாக அறுத்தலும், உடனே குளிரூட்டலும், நன்கு வேகவைத்தலும் என்றும் வேண்டப்படுவனவே.

திருமறையில் 'ஹலால்' என்னும் சொல்லுடன் 'தய்யிப்' என்னும் சொல்லும் இணைந்து வருதலை நாம் அறிவோம். ஆகுமான முறையில் அறுத்ததோடு நம் பொறுப்பு முடிவதில்லை. உண்பவர் கலம் சேரும்வரை அது நல்லுணவாகவே இருத்தல் வேண்டும். அதற்குத் துணைசெய்யும் அறிவியலைக் கற்பதும் நம் கடமையே.