சொகுசுக் கார் பேட்டரி பராமரிப்பு: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பழைய அம்பாசடரில் பேட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ளினால் போதும், வண்டி ஓடிவிடும். பிஎம்டபிள்யூ, பென்ஸ், ஆடி போன்ற ஆட்டோமேட்டிக் கார்களில் அந்த வழி கிடையாது. கதவு, சீட், பிரேக், கியர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கன்ட்ரோல் யூனிட் உண்டு. அத்தனையும் அந்த ஒரு 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. பேட்டரி போனால் செலவு ஆயிரங்களில் முடியும். அதைத் தவறாகக் கையாண்டு கன்ட்ரோல் யூனிட் எரிந்தால் செலவு லட்சத்தைத் தொடலாம். செகண்ட் ஹேண்டில் சொகுசுக் கார் வாங்கியவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான்.

படி 1: பேட்டரி எங்கே, என்ன வகை?

பானெட்டைத் திறந்து பேட்டரியைக் காணோமே என்று திகைக்க வேண்டாம். பிஎம்டபிள்யூ 3, 5 சீரிஸ் கார்கள் பலவற்றில் அது டிக்கிக்குள் இருக்கும். ஆடி க்யூ7 போன்ற சிலவற்றில் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சில பென்ஸ் மாடல்களில் இரண்டாவதாக ஒரு சிறிய பேட்டரியும் உண்டு. மேனுவலைப் பார்த்து இடத்தை உறுதி செய்யுங்கள்.

அடுத்து லேபிளைப் படியுங்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள கார்களில் பெரும்பாலும் ஏஜிஎம் வகை பேட்டரிதான் இருக்கும். அந்த வகையையும், எத்தனை ஆம்பியர்-ஹவர் என்பதையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மல்டிமீட்டரில் வோல்ட் பாருங்கள்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். காரைப் பூட்டி இரவு முழுக்க விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளவெடுங்கள்.

• 12.6 முதல் 12.8 வரை: நல்ல சார்ஜ்
• 12.4: சுமார் முக்கால் பங்கு
• 12.2: பாதி, சார்ஜ் செய்ய வேண்டும்
• 12.0-க்குக் கீழே: ஏறக்குறைய காலி

இன்ஜின் ஓடும்போது வழக்கமாக 13.5 முதல் 14.7 வரை காட்டும். புதிய கார்கள் சில, எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரின் வேலையைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். எனவே ஒருமுறை குறைவாகக் காட்டியதும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று: ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்ட் சரிந்தால் ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ் எச்சரிக்கை விளக்குகள் ஒன்றுசேர எரியும். கியர்பாக்ஸே போச்சு என்று யாராவது சொன்னால், காசை எடுப்பதற்கு முன் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

படி 3: ஓட்டாத நாட்களைக் கவனியுங்கள்

பூட்டிய காரும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். எல்லா யூனிட்டும் தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியர் வரை போவது சகஜம். கணக்குப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர், ஒரு மாதத்துக்கு 36. உங்கள் பேட்டரி 80 என்றால் கிட்டத்தட்ட பாதி காலி. சாவியைக் காருக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தால் சில கார்கள் அடிக்கடி விழித்துக்கொள்ளும். இழப்பு இன்னும் கூடும்.

வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். தெருமுனைக் கடை வரை போய் வருவது கணக்கில் சேராது. வெளியூர் போகிறவர்கள், ஏஜிஎம் மோட் உள்ள ஸ்மார்ட் சார்ஜரை மாட்டிவிட்டுப் போகலாம். டிக்கியில் பேட்டரி இருக்கும் கார்களில், பானெட்டுக்குள் சார்ஜ் செய்வதற்கென்றே தனி முனைகள் இருக்கும். சார்ஜரை அங்கே மாட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் உள்ள சென்சாரைத் தாண்டி நேரே மாட்டினால், ஏறிய சார்ஜ் காரின் கணக்கில் வராது.

படி 4: ஜம்ப் ஸ்டார்ட், இந்த வரிசையில் மட்டும்

1. இரண்டு கார்களையும் அணைத்துவிடுங்கள்.
2. சிவப்பு ஒயரை உங்கள் காரின் பாசிட்டிவ் முனையில் மாட்டுங்கள்.
3. அதன் மறுமுனையை உதவும் காரின் பாசிட்டிவில் மாட்டுங்கள்.
4. கறுப்பு ஒயரை உதவும் காரின் நெகட்டிவில் மாட்டுங்கள்.
5. மறுமுனையை உங்கள் காரில் எர்த் முனையில் மாட்டுங்கள், பேட்டரியில் வேண்டாம். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும்.
6. உதவும் காரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, உங்கள் காரை ஸ்டார்ட் செய்யுங்கள்.
7. ஹெட்லைட்டை அணைத்து, ஏசி ஃபேனைப் போட்டுவிட்டு, மாட்டியதற்கு எதிர் வரிசையில் கழற்றுங்கள்.

பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறினால் ஒரு நொடியில் ஆல்டர்னேட்டர் டயோடு முதல் கன்ட்ரோல் யூனிட் வரை எரியலாம். நெடுஞ்சாலையில் லாரிக்காரர் உதவ முன்வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். லாரிகளில் இருப்பது 24 வோல்ட்.

படி 5: பேட்டரி மாற்றும்போது

அதே வகை, அதே அளவு பேட்டரியையே வாங்குங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காருக்குள் இருக்கும் பேட்டரியில் வாயுவை வெளியேற்ற ஒரு மெல்லிய ரப்பர் குழாய் செருகியிருக்கும். பழைய பேட்டரியோடு அதைக் கழற்றி எறிந்துவிடாமல் புதியதில் மாட்டியாயிற்றா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பிஎம்டபிள்யூ, ஆடி கார்கள் பலவற்றில் புதிய பேட்டரியை ஸ்கேனர் மூலம் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரி என்றே நினைத்து கார் சார்ஜ் ஏற்றும். புதிய பேட்டரியின் ஆயுள் குறையும்.

படி 6: செய்யவே கூடாதவை

• இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வித்தை. வோல்ட் ஒரே தாவாகத் தாவி யூனிட்டுகளை எரித்துவிடும்.
• பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் அடிப்பது.
• டேஷ்கேம், கூடுதல் விளக்குகளுக்கு இருக்கிற ஒயரை வெட்டி ஒட்டுப் போடுவது. ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து, வோல்ட் குறைந்தால் தானே அணையும் இணைப்பாக எடுக்கச் சொல்லுங்கள்.

படி 7: மழைக்கு முன்னால்

சன்ரூஃபின் வடிகால் குழாய்களில் இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் காருக்குள் இறங்கும். பேட்டரியும் யூனிட்டுகளும் இருக்கும் டிக்கித் தரையும் சீட்டடியும்தான் அது தேங்கும் இடங்கள். ஐப்பசி பிறக்குமுன் அந்தக் குழாய்களைச் சுத்தம் செய்துவிடுங்கள். சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்கள் போல கார் தண்ணீரில் நின்றுவிட்டால், ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். டோ வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள்.

மாதம் ஒருமுறை மல்டிமீட்டரில் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். 12.4-க்குக் கீழே காட்டினால் அன்றே சார்ஜ் போடுங்கள், அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.