பின்வரிசைக்கும் கேட்கணும்! கூட்டமைப்புக்கு மைக் செட் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



கூட்டமைப்பின் பொதுக்குழு நடக்கிறது. கணக்காளர் வரவு செலவு வாசிக்கிறார். முன்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெறும் இரைச்சல்தான். கடைசியில் "எல்லாருக்கும் சம்மதமா?" என்று கேட்டதும் எல்லோரும் கை தூக்குகிறோம். எந்தக் குழுவுக்கு எவ்வளவு கடன், வட்டி எத்தனை என்று காதில் விழாமலே தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்டுவிடுகிறோம். கேட்காத கணக்குக்குச் சம்மதம் சொல்லலாமா?

இதற்காகத்தான் மைக் செட் வாங்க வேண்டும் என்கிறோம். ஆனால் பெரிய பாக்ஸாகப் பார்த்து வாங்கினால் மட்டும் போதாது. ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர், கூடம் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் சத்தம் வரும், பேச்சு புரியாது. நம்ம சேமிப்புப் பணமும் வீணாகும்.

1. முதலில் கூடத்தை அளந்து பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நூலை எடுத்து கூடத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். எத்தனை பேர் உட்காருவார்கள், கூரை சிமெண்ட் தளமா, தகர ஷீட்டா, தரை டைல்ஸா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

சேவை மையக் கட்டடம், சமுதாயக் கூடம் எல்லாம் பெரும்பாலும் சிமெண்ட் சுவர், சிமெண்ட் கூரை, டைல்ஸ் தரை. சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும். ஒரு வார்த்தை முடிவதற்குள் முந்தின வார்த்தையின் எதிரொலி வந்து கலந்துவிடும். இதற்கு வால்யூமைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும்!

அப்படியானால் என்ன செய்யலாம்? தரையில் கோரைப்பாய், ஜமக்காளம் விரியுங்கள். பின்சுவரில் கனமான துணியோ பழைய போர்வையோ தொங்கவிடுங்கள். துணியும் பாயும் சத்தத்தை உறிஞ்சும். மனிதர்கள் உட்கார்ந்தாலும் எதிரொலி குறையும். அதனால்தான் காலிக் கூடத்தில் சோதிப்பதும் கூட்டத்தோடு சோதிப்பதும் ஒன்றாக இருக்காது.

2. வாட்ஸ் கணக்கில் ஏமாறாதீர்கள்

பெட்டியின் மேல் "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது கண்ணிமைக்கும் நேரத்துக்கான கணக்கு. தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். கடையில் இப்படிக் கேளுங்கள்:

"அண்ணே, இதுல ஆர்.எம்.எஸ். எவ்வளவு?"

"அதெல்லாம் எதுக்கும்மா? நல்லா அதிரும்."

"அதிர வேணாம்ண்ணே. பேச்சு புரியணும். எழுதியிருக்கிற இடத்தைக் காட்டுங்க."

இன்னொரு விஷயம். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதனால் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியையும் பாருங்கள். ஒரு வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்பதே அது. 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 60 வாட்ஸ் கொடுத்து வரும் சத்தம், 90 டெசிபல் ஸ்பீக்கரில் 30 வாட்ஸுக்கே வந்துவிடும்.

30 அடிக்கு 20 அடிக் கூடத்தில் பேச்சுக்கு மட்டும் என்றால் 30 வாட்ஸ் ஆம்ப்ளிபயரும் நல்ல இரண்டு ஸ்பீக்கரும் தாராளம். மீதிப் பணத்தில் நல்ல மைக்கும் தரமான ஒயரும் வாங்கலாம்.

3. ஓம் பொருத்தம்: இதைத் தவறவிடாதீர்கள்

ஆம்ப்ளிபயரின் பின்பக்கம் 4, 8, 16 ஓம் என்று எழுதியிருக்கும். ஸ்பீக்கரின் பின்னாலும் ஓம் எழுதியிருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும்.

8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கம் பக்கமாக (பேரலல்) இணைத்தால் 4 ஓம். ஒன்றன்பின் ஒன்றாக (சீரியஸ்) இணைத்தால் 16 ஓம். நாலு ஸ்பீக்கரையும் பக்கம் பக்கமாக இணைத்தால் 2 ஓம்தான். ஒரே மோட்டாரில் அளவுக்கு மீறி இழுத்த மாதிரி ஆம்ப்ளிபயர் சூடேறி எரிந்துபோகலாம்.

தூரமாகப் பல ஸ்பீக்கர் போட வேண்டும் என்றால் 100 வோல்ட் லைன் முறை நல்லது. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கும். இங்கே ஓம் கணக்கு வேண்டாம், வாட்ஸைக் கூட்டினால் போதும். 10 வாட்ஸ் ஸ்பீக்கர் 6 என்றால் 60 வாட்ஸ். கொஞ்சம் மிச்சம் வைத்து 80 வாட்ஸ் ஆம்ப்ளிபயர் எடுக்கலாம். சாதாரண 8 ஓம் ஸ்பீக்கரை 100 வோல்ட் முனையில் மாட்டவே கூடாது. அந்த ஒயரைத் தொட்டால் ஷாக்கும் அடிக்கும். ஆம்ப்ளிபயரை நிறுத்திய பிறகே கை வையுங்கள்.

மெல்லிய ஒயர் வாங்கி மிச்சம் பிடிக்காதீர்கள். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 100 அடி தூரம் இழுத்து 8 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால், சுமார் ஐந்தில் ஒரு பங்கு சக்தி ஒயரிலேயே போய்விடும்.

சின்ன ஆம்ப்ளிபயரை முழு வால்யூமில் ஓட்டினால் சத்தம் கரகரக்கும். அந்தக் கரகரப்பிலேயே ஸ்பீக்கர் எரிந்துபோகும். கரகரப்பு கேட்டால் உடனே குறையுங்கள்.

4. எங்கே வைப்பது?

பேச்சுக்கு, தூண் மாதிரி உயரமாக ஒல்லியாக இருக்கும் காலம் ஸ்பீக்கர் ஏற்றது. அது சத்தத்தைக் கூரைக்கும் தரைக்கும் அதிகம் சிதறவிடாமல் ஆட்கள் பக்கம் அனுப்பும்.

• உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு மேல் இருக்கட்டும். பின்வரிசையைப் பார்த்து லேசாகச் சாய்த்து மாட்டுங்கள்.
• மூலையில் தள்ளி வைக்காதீர்கள். அங்கே "தொம் தொம்" என்ற அடிச்சத்தம் கூடி, பேச்சு அமுங்கும்.
• மைக் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் நுழைந்தால் "கூ..." என்று கத்தும்.
• நான்கு விரல் இடைவெளியில் மைக்கைப் பிடித்துப் பேசுங்கள். தூரத்தில் பிடித்தால் வால்யூம் கூட்ட வேண்டிவரும், மறுபடி கத்தும்.

5. பேட்டரியில் ஓடுமா?

12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் ஆம்ப்ளிபயர்கள் கிடைக்கின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் நம் விழுப்புரம் மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மின்சாரம் இல்லாத நேரத்தில் "பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்க" என்று தெருவுக்கே சொல்ல அப்படி ஒரு செட் உதவும்.

6. வாடகைக்கு விடும் சகோதரிகளுக்கு

ஆடியில் கூழ் வார்த்தல், திரௌபதி அம்மன் கோவில் பாரதம், தெருக்கூத்து, காதுகுத்து என்று நம்ம பக்கம் மைக் செட்டுக்கு வேலை உண்டு. சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒலி மாசு விதிகள் 2000-ன்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வைக்கக் கூடாது. மூடிய கூடத்துக்குள் உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும் வைப்பதற்கும், பொது அவசரத்துக்கும் இந்த இரவுத் தடையில் விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதிக்கான ஒலி அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. கூம்பு வடிவக் குழாய் ஸ்பீக்கருக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. விலை மலிவு என்று வாங்கிப் பறிகொடுக்காதீர்கள்.

7. வாங்கும் நாளில்

விழுப்புரம், திண்டிவனம் கடைகளில் குறைந்தது மூன்று விலைப்புள்ளி வாங்குங்கள். கொள்முதலுக்கு இரண்டு மூன்று பேராகப் போங்கள். பழுது பார்ப்பவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பில் கூட்டமைப்பின் பெயரில் இருக்கட்டும், வாரண்டி அட்டையில் கடை முத்திரை இருக்கட்டும்.

பணம் முழுவதையும் கட்டுவதற்கு முன் நம்ம கூடத்திலேயே ஒருமுறை போட்டுக்காட்டச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டு வைத்துச் சோதிக்காதீர்கள். எந்தப் பெட்டியிலும் பாட்டு நன்றாகத்தான் கேட்கும். போன மாதக் கணக்கை ஒருவர் மைக்கில் வாசிக்கட்டும். வயதான ஒரு அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேட்ட தொகையை எழுதவோ திருப்பிச் சொல்லவோ செய்யட்டும். "எழுபதா, எழுநூறா?" என்று அவர் கேட்டால் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். அப்போதும் புரியவில்லை என்றால் வேறு ஸ்பீக்கர் கேளுங்கள்.

குழுவில் பேசுவோம்

1. நம்ம கூடத்தில் பேச்சு எங்கே புரியாமல் போகிறது? கூரை, தரை, சுவர் எப்படி இருக்கிறது?
2. நம்மிடம் இப்போது இருக்கும் ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர் இரண்டின் ஓம், ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு? பார்த்து எழுதுங்கள்.
3. போன பொதுக்குழுவில் வாசித்த கணக்கில் எத்தனை தொகை நமக்கு நினைவிருக்கிறது?

மைக் செட் வரும்வரை ஒன்று செய்யலாம். வாசித்தது கேட்கவில்லை என்றால் கை தூக்கி, "இன்னொரு தரம் வாசிங்க" என்று சொல்லுங்கள். அதற்குச் செலவே இல்லை!